அறுபத்திரண்டாவது படம்

பருத்திப்பட்டு, ஆவடி
3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

அன்புள்ள அண்ணிக்கு,

வர்ணா எழுதுகிறேன். உங்கள் போனில் என் நம்பரை பிளாக் செய்து ஆறு வருடம் ஆகிறது. நான் அனுப்பிய வாட்ஸ்அப் எல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கின்றன. தபால்காரரை பிளாக் செய்ய முடியாது அல்லவா, அதனால்தான் இந்த வழி. விலாசம் கொடுத்தது உங்கள் பழைய கம்பெனித் தோழி மோகனப்பிரியா. அவளைத் திட்டாதீர்கள். ஆவடி மார்க்கெட்டில் பார்க்கும்போதெல்லாம் நச்சரித்து வாங்கினேன்.

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு முகம் இல்லை. இருந்தாலும் கேட்டுவிட்டேன். நான் நன்றாக இருக்கிறேன். கொஞ்சம் குண்டாகிவிட்டேன். இன்றைக்கு ஆடிப்பெருக்கு. எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம் கட்டிக்கொண்டு ஊரே ஏரிக்கரையில் இருக்கிறது. ஏரியைச் சுற்றி நடைபாதை போட்ட பிறகு அங்கே வாக்கிங் போகிறவர்களைவிட செல்ஃபி எடுக்கிறவர்கள்தான் அதிகம். நீங்கள் பார்த்தால் ஏதாவது ஒரு வார்த்தை சொல்லி என்னைச் சிரிக்க வைப்பீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்கு பெயின்ட் அடிக்கிறோம். பரணைக் காலி செய்யும்போது நம் நோட்டு கிடைத்தது! அட்டையில் உங்கள் கையெழுத்தில் 'சமையல் குறிப்பு'. என் வீட்டுக்காரர் எடுத்துப் பிரிக்கப் போனார், "இன்னா நோட்டு அது?" என்று. "அதிரசப் பக்குவம்" என்று பிடுங்கிக்கொண்டேன். உள்ளே முதல் பக்கம் மட்டும்தான் அதிரசம், மீதி எல்லாம் சினிமா. 2010 பொங்கலில் தொடங்கி அறுபத்தோரு படம். வ என்று என் மார்க், ரா என்று உங்கள் மார்க். நீங்கள் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் அரை நாள் பர்மிஷன் போட்டு வருவீர்கள். நான் ரேஷன் கடை, பேங்க், தையல்காரர் என்று ஏதாவது சொல்லிவிட்டு வருவேன். படம் விட்டு பருத்திப்பட்டு ஸ்டாப்பில் இறங்குகிற வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பால் பூத் முன்னால் நின்று ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி இருவரும் ஒரே நேரத்தில் மார்க்கைச் சொல்ல வேண்டும். தூங்கினால் அரை மார்க் அபராதம். அடுத்தடுத்த சீட்டில் உட்கார்ந்து பார்த்த படம் மட்டும்தான் கணக்கில் வரும்.

அந்த ஒன்பது வருடத்தின் சிறந்த பத்துப் படங்கள் எவை என்று உட்கார்ந்து கூட்டிப் பார்த்துவிட்டேன். முதலிடம் 'உப்பளத்து ரயில்'. இதில் சண்டைக்கு வராதீர்கள். இரண்டாவது 'ரெட்டைச் சாவி', மூன்றாவது 'ஈரச்செங்கல்'. 'ஸ்பேர் பார்ட்ஸ் சுந்தரி' நான்காவது, நாம் சிரித்த சிரிப்பில் முன் சீட்டுப் பெரியவர் எழுந்து வேறு வரிசைக்குப் போனாரே, அதற்காகவே. மீதி ஆறும் தனித்தாளில் வைத்திருக்கிறேன். சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை என்று எழுத நினைத்தேன். பொய். போடுங்கள்.

உங்கள்
வர்ணா


திருமழிசை
12 ஆகஸ்ட் 2025

பஞ்சவர்ணத்துக்கு,

கடிதம் கிடைத்தது. கிழித்துப் போடத்தான் நினைத்தேன். இணைத்திருந்த தாளைப் பார்த்ததும் வந்த கோபத்தில் பேனாவை எடுத்துவிட்டேன்.

'ரெட்டைச் சாவி' எப்படி இரண்டாவது இடம்? இடைவேளைக்குப் பிறகு நீ என் தோளில் சாய்ந்து குறட்டை விட்டாய். கொலைகாரன் யார் என்று உனக்கு பஸ்ஸில் நான்தான் சொன்னேன். உன் அபராதத்தைக் கழித்தாயா? 'உப்பளத்து ரயில்' முதலிடமாம். உச்சி வெயிலில் உப்பு அள்ளுகிற கதாநாயகன், சட்டையில் ஒரு கறை இல்லை, கண்ணில் கூலிங் கிளாஸ். அவன் சிரித்தால் போதும், உனக்குக் கதை வேண்டாம், திரைக்கதை வேண்டாம். 'ஈரச்செங்கல்'தான் அந்த ஒன்பது வருடத்துப் படம். சூளையில் அந்த அம்மா சுடாத பச்சைக் கல்லின் மேல் விரலை அழுத்தி அடையாளம் வைக்கிறாளே, அதற்கு ஈடாக வேறு ஒரு காட்சியைக் காட்டு பார்க்கலாம். 'பதினேழாம் தறி'யை ஒன்பதாவது இடத்துக்குத் தள்ளியது அநியாயம். தியேட்டரில் எட்டே பேர் என்பதற்காகப் படம் மோசமாகிவிடுமா?

அது இருக்கட்டும். நோட்டில் அறுபத்தோரு படம் என்கிறாய். நாம் பார்த்தது அறுபத்திரண்டு. 23 நவம்பர் 2018, வெள்ளிக்கிழமை, மதியக் காட்சி, அம்பத்தூர். 'எதிர்வீட்டு வெயில்'.

அது இல்லாத பட்டியல் தப்பான பட்டியல்.

என்னை அண்ணி என்று எழுதாதே. அது உன் அண்ணன் வழியாக வந்த உறவு. கோர்ட்டில் கையெழுத்துப் போட்டு முடித்தாகிவிட்டது.

ராதிகா


பருத்திப்பட்டு
20 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ராதிகா அவர்களுக்கு,

பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை, எழுதும்போதே கை கூசுகிறது. ஆனாலும் கடிதம் வந்ததே! தபால்காரர் கொடுத்ததும் அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியாமல் வாசலிலேயே நின்று படித்தேன். நீங்கள் திட்டினால்கூட எனக்கு உங்கள் குரல் கேட்கிறது.

சரி, 'ரெட்டைச் சாவி'யை ஐந்துக்கு இறக்கிவிட்டேன். குறட்டை என்பது அபாண்டம், சளி பிடித்திருந்தது. 'ஈரச்செங்கல்' வேண்டுமானால் இரண்டாவதாக வரட்டும். அந்த அம்மாவின் விரல் காட்சியில் நானும் கண்ணைத் துடைத்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முதலிடத்தை விட்டுத்தர மாட்டேன். கூலிங் கிளாஸ் போட்டால் என்ன? உப்பளத்தில் வெயில் கண்ணைக் கூசாதா? அவனுக்கு மட்டும் கண் இல்லையா?

நீங்கள் சொல்கிற அந்த இன்னொரு படம் நோட்டில் இல்லை. நோட்டில் ஏறாதது கணக்கில் இல்லை என்பதும் நம் சட்டம்தானே? பால் பூத்தில் மார்க் சொல்லவும் இல்லை. நான் அதைப் பிறகு எப்போதோ டிவியில் துண்டு துண்டாகப் பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். சுமாரான படம். கொடைக்கானல் ஃப்ளாஷ்பேக் இழுவை. இடைவேளைக்குப் பிறகு ஏ.சி. வேறு நின்றுபோய், முந்தானையால் விசிறிக்கொண்டே பார்க்கிற படத்துக்கு என்ன மார்க் போடுவது? விடுங்கள் அதை.

என் மாமியார் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வருகிறார்கள். அந்த வருடம் இடுப்பெலும்பு உடைந்த பிறகு பழைய நடை திரும்பவே இல்லை. என் வீட்டுக்காரர் நீலம், நான் சந்தனம் என்று சண்டை போட்டு, கடைசியில் ஹாலுக்குப் பச்சை அடித்துவிட்டார்கள்.

உங்கள் ஜன்னலிலிருந்து குத்தம்பாக்கம் புது பஸ் ஸ்டாண்ட் தெரிகிறது என்று மோகனப்பிரியா சொன்னாள். அவ்வளவு தூரத்திலா இருக்கிறீர்கள்?

வர்ணா


திருமழிசை
29 ஆகஸ்ட் 2025

வர்ணா,

டிவியில் பார்த்த படத்துக்கு ஏ.சி. எங்கே நின்றது?

அந்த வரியைப் படித்துச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன், பக்கத்து ஃப்ளாட் பெண் வந்து என்ன என்று கேட்கிற அளவுக்கு.

நீ மறந்துவிட்டதுபோல் எழுதுகிறாய். நான் ஞாபகப்படுத்துகிறேன். இடைவேளையில் நான் காபி வாங்கப் போனேன். யாராவது பார்த்துவிடுவார்கள் என்று நீ சீட்டைவிட்டு எழுந்திருக்கவில்லை. கேன்டீன் வரிசையில் என் கம்பெனி ஸ்ரீநாத் நின்றிருந்தார். அவர் மனைவி பாத்ரூமுக்குப் போயிருந்தார். இரண்டு நிமிடம் பேசினோம். அந்த இரண்டு நிமிடத்தை உங்கள் சித்தப்பா மகன் சரவணக்குமார் பார்த்துவிட்டான்.

எட்டு நாள் கழித்து உங்கள் அண்ணன் ஹாலில் என்னை நிற்க வைத்துக் கேட்டார். "யாரோட போனே?" சரவணக்குமார் இருந்தான், உன் வீட்டுக்காரர் இருந்தார். நான் பயப்படவே இல்லை வர்ணா. ஏன் தெரியுமா? நீ அங்கே ஃப்ரிட்ஜ் பக்கத்தில் கையில் டம்ளரோடு நின்றிருந்தாய். "வர்ணாவோடதான் போனேன், அவளையே கேளுங்க" என்றேன். எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். நீ டம்ளரைப் பார்த்தபடி சொன்னாய்: "நான் அன்னிக்கு ஆஸ்பத்திரில இருந்தேன். எனக்கு ஒண்ணும் தெரியாது."

அதன் பிறகு நான் சொன்ன எதையும் யாரும் நம்பவில்லை. பொய்க்காரியாகிவிட்டேன். நத்தத்தில் என் அப்பா காதுவரை போனது. தங்கைக்குப் பேசி முடித்திருந்த இடம் கைவிட்டுப்போனது. அப்பா என்னை ஒன்றும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்பார், வேலை எப்படி என்று கேட்பார், அதை மட்டும் கேட்க மாட்டார். அவருக்குள் அந்தச் சந்தேகம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

உன் அண்ணன் என்னை விட்டுப் போனதற்கு நான் பெரிதாக அழவில்லை. அவர் எப்போதும் சந்தேகக்காரர், இது இல்லாவிட்டால் வேறொன்று. நீதான் என்னை உடைத்தாய். ஒன்பது வருடம் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவள் நீ.

பட்டியலைச் சரியாக எழுத முடிந்தால் எழுது. இல்லாவிட்டால் தபால்காரரை அலைய விடாதே.

ராதிகா


பருத்திப்பட்டு
14 செப்டம்பர் 2025

ராதிகா அவர்களுக்கு,

நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டு இது ஐந்தாவது. பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு நான் உங்கள் பக்கத்து சீட்டில்தான் இருந்தேன். பால்கனி, இடது ஓரம். முழுப் படமும் பார்த்தேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அத்தை சர்க்கரைப் புண்ணுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்து அன்றோடு ஆறு நாள். அன்றைக்கு நாத்தனார் முறை என்று உங்களிடம் சொன்னேன். அது பொய். என் முறைதான். இரவு ஏழு மணிவரை நான்தான் இருக்க வேண்டும். ஆறு நாளாக அந்த வார்டில் டெட்டால் வாசனையும் முனகலும். குளித்தும் குளிக்காமலும், தரையில் சுருண்டு படுத்து. "தலகாணிய இப்டி வை, அப்டி வை" என்று அத்தை என்னை ஒரு நிமிடம் உட்கார விடவில்லை. நீங்கள் போன் செய்து 'படத்துக்கு வருகிறாயா' என்றபோது, போகாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று தோன்றியது. அத்தைக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு, அடுத்த கட்டிலுக்குத் துணையாக வந்திருந்த அம்மாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

அத்தை ஒன்றுக்குப் போக எழுந்திருக்கிறார்கள். கூப்பிட்டதற்கு யாரும் வரவில்லை. அந்த அம்மா கீழே டீக்கடைக்குப் போயிருக்கிறார். பாத்ரூம் வாசலில் விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து, அரை மணி நேரம் கிடந்திருக்கிறார்கள். பஸ்ஸில் எனக்கு போன் வந்ததே, ஆவடியிலேயே குதித்து ஓடினேனே, அது அதற்குத்தான். மருந்துக் கடையில் டோக்கன் போட்டு வரிசையில் நின்றேன் என்று வீட்டில் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். "பாவம், ஒண்டியா அலையுது" என்று என் வீட்டுக்காரர் எனக்காக வருத்தப்பட்டார்.

எட்டு நாள் கழித்து ஹாலில் அண்ணன் கேட்டபோது, படத்துக்குப் போனேன் என்று சொன்னால் அத்தையைத் தனியாக விட்டுவிட்டுப் போனேன் என்று ஆகும். என் வீட்டுக்காரர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். என் குடும்பம் உடையுமா, உங்கள் குடும்பம் உடையுமா என்று அந்த ஒரு விநாடியில் கணக்குப் போட்டேன். நான் அவ்வளவு கேடுகெட்டவள். உங்களுக்கு ஒன்றும் ஆகாது, அண்ணன் இரண்டு நாள் கத்திவிட்டு அடங்கிவிடுவார் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அந்தப் படத்தில் அவள் எதிர்வீட்டு மொட்டை மாடிக்கு வடாம் காயப்போடப் போய், எல்லாவற்றையும் மறந்து கண்ணை மூடி வெயிலில் நிற்பாளே. வசனம் கிடையாது, பாட்டு கிடையாது. நான் அழுதேன், நீங்கள் கைக்குட்டை கொடுத்தீர்கள். ஆறு நாள் கழித்து நான் வெயிலைப் பார்த்தது அந்தத் திரையில்தான்.

புதுப் பட்டியல் இணைத்திருக்கிறேன். 'எதிர்வீட்டு வெயில்' முதலிடம். 'உப்பளத்து ரயில்' இரண்டு. என்னை மன்னிப்பீர்களா என்று கேட்கக்கூட வாய் வரவில்லை.

வர்ணா


திருமழிசை
22 செப்டம்பர் 2025

வர்ணா,

படித்தேன். உன் மாமியார் அரை மணி நேரம் தரையில் கிடந்தது எனக்குத் தெரியாது. நான்தான் போன் செய்து உன்னைக் கூப்பிட்டேன். இது எனக்கும் கொஞ்ச நாள் தூக்கத்தைக் கெடுக்கும். உன் பயம் புரிகிறது. ஆறு நாள் வார்டில் கிடந்தால் நானும் ஓடித்தான் வந்திருப்பேன்.

ஆனால் ஒன்று. நீ அங்கே இருந்தாய் என்று எனக்கு எதற்கு எழுதுகிறாய்? எனக்குத்தான் தெரியுமே. நான் பக்கத்து சீட்டில் இருந்தேன்.

அன்றைக்கு ஹாலில் கேட்டவர்களிடம் சொல். சொன்ன பிறகு பட்டியலை அனுப்பு.

ராதிகா


பருத்திப்பட்டு
5 அக்டோபர் 2025, ஞாயிறு

ராதிகா அவர்களுக்கு,

சொல்லிவிட்டேன்.

ஆயுத பூஜையன்று அண்ணன் தண்ணி லாரிக்குப் பூஜை போடுவது உங்களுக்குத் தெரியும். எல்லோரும் அங்கேதான் இருந்தோம். அண்ணன், அவருடைய இப்போதைய மனைவி, கைக்குழந்தை, சரவணக்குமார், என் வீட்டுக்காரர். அத்தையையும் ஆட்டோ வைத்துக் கூட்டிப்போயிருந்தோம். பூசணிக்காய் உடைத்து, பொரி சுண்டல் கொடுத்து, எல்லோரும் ஹாலில் உட்கார்ந்தார்கள். அதே ஹால். அதே ஃப்ரிட்ஜ் பக்கத்தில் போய் நின்றேன். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன்.

"இன்னாடி, சமையல் கிளாஸ் எடுக்கப் போறியா?" என்று சரவணக்குமார் சிரித்தான். அந்தச் சிரிப்பில் எனக்கு வெறி வந்துவிட்டது. நல்லதாகப் போயிற்று, பயம் விட்டது. அறுபத்தோரு படத்தையும் தேதியோடு படித்தேன். அறுபத்திரண்டாவதையும் சொன்னேன். "அன்னிக்கு ராதிகா அண்ணி கூட நான்தான் போனேன். கேன்டீன்ல நின்னவரு கம்பெனி ஆளு, பொண்டாட்டியோட வந்திருந்தாரு. நான் பொய் சொன்னேன். அத்தைய ஆஸ்பத்திரில ஒண்டியா வுட்டுட்டு சினிமாவுக்குப் போனது தெரிஞ்சிடும்னு பொய் சொன்னேன்."

அத்தைதான் முதலில் பேசினார்கள். "நான் கீழ வியுந்து கத்திக்கினு கீறேன், நீ படம் பாத்துக்கினு இருந்தியா?" அவ்வளவுதான். அழவும் இல்லை, திட்டவும் இல்லை. என்னை வீட்டுக்குக் கூட்டிக்கினு போ என்று மகனிடம் சொன்னார்கள். இன்றோடு நான்கு நாள், என் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. என் வீட்டுக்காரர்தான் சாதம் பிசைந்து கொடுக்கிறார். என்னோடு அவர் பேசுவதும் 'உப்பு எங்கே, மிளகாய்த்தூள் எங்கே' என்ற அளவில் நிற்கிறது. கோபப்படுவதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது. காத்திருக்கிறேன்.

அண்ணன் ரொம்ப நேரம் லாரிச் சாவியை உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "ஏழு வருசம் கயிச்சி வந்து சொல்றியே வர்ணா. இப்ப இத வச்சிக்கினு நான் இன்னா பண்றது?" என்றார். "ஒண்ணும் பண்ண வேணாம், தெரிஞ்சிக்கோ" என்றேன். எழுந்து வெளியே போய்விட்டார். மாலை போட்ட லாரிக்குப் பின்னால் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவருடைய இப்போதைய மனைவி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். எனக்குத் தெரிந்து அவள் பயந்துவிட்டாள். சரவணக்குமார், "நான் பாத்தத சொன்னேன், என் மேல இன்னா தப்பு?" என்றான். "பாதி பாத்துட்டு முழுசா சொன்னே பாரு, அதான் தப்பு" என்று அவன் வாயை அடைத்துவிட்டு வந்தேன்.

நத்தத்துக்கு உங்கள் அப்பாவுக்கும் ஒரு கடிதம் எழுதி ஸ்பீட் போஸ்டில் நேற்று அனுப்பியிருக்கிறேன். தேதி, தியேட்டர், சீட்டு, நான் சொன்ன பொய், எல்லாம் அதில் இருக்கிறது. உங்களைக் கேட்காமல் செய்தது தவறு என்றால் திட்டுங்கள்.

பட்டியலை மறுபடி இணைத்திருக்கிறேன். முதலிடத்தில் மாற்றமில்லை.

வர்ணா


திருமழிசை
26 அக்டோபர் 2025

அன்புள்ள வர்ணாவுக்கு,

தீபாவளிக்கு நத்தம் போய்விட்டு நேற்றுத்தான் வந்தேன். இங்கே விடாத மழை. பஸ் ஸ்டாண்ட் வேலை நடக்கிற இடமெல்லாம் சேறு. உங்கள் ஏரி நிரம்பிவிட்டதா?

உன் கடிதம் எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அப்பா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். நான் உள்ளே நுழைந்து பையைக் கீழே வைப்பதற்குள், "ஏத்தா, நான் உன்கிட்ட கேட்டிருக்கணும்" என்றார். ஏழு வருடம் அவர் கேட்காமல் இருந்ததுதான் எனக்குப் பெரிய பாரம். கேட்டிருக்க வேண்டும் என்று அவர் சொன்னதும் அம்மா, தங்கை எல்லோர் முன்னாலும் வாய்விட்டு அழுதேன். தங்கை, போன வருடம்தான் அவளுக்குக் கல்யாணம் நடந்தது, நல்ல இடம், உன் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "இந்தம்மா எழுதுறது சினிமா மாதிரியே இருக்கு" என்றாள். திட்டினாளா பாராட்டினாளா என்று தெரியவில்லை.

உன் மாமியார் உன் கையால் சாப்பிடுகிறாரா? சாப்பிடாவிட்டால் விடாதே. தினமும் கொண்டுபோய் வை. வைத்துவிட்டு அங்கேயே இரு. எனக்காக நீ இவ்வளவு இழந்தாய் என்று நான் சந்தோஷப்படவில்லை. நீ சொன்னாய் என்பதில் மட்டும் சந்தோஷம்.

உன்மேல் கோபம் போய்விட்டதா என்றால், முழுவதும் போகவில்லை. சில நாள் காலையில் பல் தேய்க்கும்போது அந்த டம்ளர் ஞாபகம் வரும். வந்தால் உன்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதுவேன். வாங்கிக்கொள். போன் பிளாக்கை எடுக்கவில்லை. கடிதம்தான் எனக்கு வசதியாக இருக்கிறது, நீ குறுக்கே பேச முடியாது.

இப்போது பட்டியல். வர்ணா, உனக்கு வெட்கமாக இல்லையா? 'எதிர்வீட்டு வெயில்' எப்படி முதலிடம்? பொய் சொன்ன பாவத்துக்கு ஒரு படத்துக்கு மார்க்கை வாரிக்கொடுப்பாயா? அந்த மொட்டை மாடிக் காட்சிக்குப் பத்துக்குப் பத்து, ஒத்துக்கொள்கிறேன். நத்தத்தில் தீபாவளியன்று மாடியில் துணி எடுக்கப் போனவள் நானும் கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றேன், மழைதான் விழுந்தது. ஆனால் மீதிப் படம்? கொடைக்கானலில் நாற்பது நிமிடம். அந்த வாட்ச்மேன் ஏன் இரட்டைப் பிறவி? வில்லன் திருந்துவதற்கு ஒரு நாய் எதற்கு? பழைய சண்டையை வைத்துக்கொண்டு படத்தைத் தூக்கிப்பிடிக்கக் கூடாது. முதலிடம் 'ஈரச்செங்கல்'. கூலிங் கிளாஸ்காரன் மூன்றாவது, அதுவும் உனக்காக. 'எதிர்வீட்டு வெயில்' ஏழாவது. இதற்கு மேல் ஒரு படி ஏற்றினாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

'அண்ணி' வேண்டாம், 'அவர்கள்' என்பதும் வேண்டாம். அக்கா என்று எழுது.

அன்றைக்கு நீ ஆவடியிலேயே குதித்துவிட்டாய். நான் மட்டும் பருத்திப்பட்டு ஸ்டாப்பில் இறங்கி, பால் பூத் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். மார்க் வாயிலேயே இருந்தது, சொல்ல ஆள் இல்லை. இத்தனை வருடம் கழித்து இப்போது சொல்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று: ஆறரை.

நோட்டில் ஏற்று. வ என்ற இடம் காலியாக இருக்கிறது. உன் மார்க் என்ன?

அன்புடன்
ராதிகா அக்கா